அகலத்துக்கு ஓர் இலக்கணம்

நூலின் பக்கத்துக்கு இன்ன நீளம், இன்ன அகலம் என்று ஓர் அளவு உண்டு. இப்பாட நூலையே எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் நாற்பது மாணவர் இருப்பின், நாற்பது நூல்களிலும் வரிகள் ஒரே இடத்தில் மடங்கும். பத்திகள் ஒரே இடத்தில் முடியும். “மூன்றாம் பத்தி, நான்காம் வரி” என்று ஆசிரியர் கூறியவுடன் நாற்பது விரல்களும் ஒரே சொல்லின்மீது சென்று நிற்கும். இவ்வொருமை நமக்கு மிகவும் பழகிப்போனமையால், எழுத்துத் தோன்றிய நாள்தொட்டே பக்கத்துக்கு நிலையான அளவு இருந்துவந்தது என்று எண்ணிவிடுகின்றோம். அவ்வாறன்று, இஃது அச்சுப்பொறி நமக்கு அளித்த வழக்கம். 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறு நூல் தமிழெழுத்தில் அச்சாயிற்று. நம் நாகர்கோவிலிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இலண்டன் மிஷன் சங்கத்தார் அச்சுக்கூடம் நிறுவினர். அச்சு பரவப் பரவ, ஒரு நூலின் படிகள் யாவும் ஒரே உருவின என்னும் எண்ணம் மக்கள் உள்ளத்தில் வேரூன்றிற்று.

அதற்கு முன் நம் முன்னோர் எழுதியது பனையோலையில். பனை நம் நாஞ்சில் நாட்டுக்குப் புதிதன்று. அகத்தீசுவரம் பக்கத்துத் தேரி நிலங்களில் இன்றும் அது நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். மரத்துக்கு மரம் ஓலையின் நீளம் வேறுபடும். ஒரு முழத்துக்கு மேல் நீண்ட ஓலையும் உண்டு. ஒரு சாணில் முடியும் நறுக்கும் உண்டு. ஏடெழுதுவோன் இடக்கோடியில் எழுத்தாணியை ஊன்றித் தொடங்குவான்; வலக்கோடி வரையில் இடைவிடாது எழுதிச் செல்வான்; ஓலை முடிந்த இடத்தில் வரி முடியும். செய்யுளாயினும் அடிக்கொரு வரி என்று பிரித்தெழுதுதல் பெரும்பான்மை வழக்கன்று. கயிறு கோக்கும் துளை குறுக்கிட்டால், அதனைச் சுற்றிச் சிறிது இடம் விட்டு அப்பால் தொடர்வான். ஆகவே ஒரு நூலைப் பத்துப்பேர் பத்துச் சுவடிகளில் படியெடுத்தால், பத்திலும் வரிகள் வெவ்வேறு இடங்களில் மடங்கின. நூல் ஒன்று, அதன் வடிவோ பத்து. அடி எங்கே முடிகின்றது என்பதைப் படிப்போன் தன் யாப்பறிவால் கண்டுகொண்டான். டாக்டர் உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் அச்செழுத்தில் அடியடியாகப் பிரித்துத் தந்ததனால் அன்றோ, அவ்வறிவு குறைந்தாரும் இன்று பழம்பாட்டைப் படிக்க முடிகின்றது!

ஓலையையும் அச்சையும் பற்றி இவ்வளவு கூறியதற்குக் காரணம் உண்டு. இன்று நாம் படிப்பனவற்றுள் பெரும்பகுதி செல்பேசித் திரையிலும் கணினித் திரையிலும் தோன்றுவது. அங்கே தோன்றும் இணையப்பக்கம் உண்மையில் அச்சுப்பக்கத்தைப் போன்றதன்று. ஏட்டுச் சுவடியையே பெரிதும் ஒத்தது. அதற்கென்று ஓர் அகலம் இல்லை. எவர் எந்தத் திரையில் திறக்கின்றாரோ, அந்தத் திரையின் அகலமே அதன் அகலம். ஆயின் ஒரு பெரிய வேறுபாடும் உண்டு. ஏடெழுதினவன் தன் கையிலிருந்த ஓலையைக் கண்ணால் கண்டு அதற்கேற்ப எழுதினான். இணையப்பக்கத்தை ஆக்குவோன் அதனைப் படிக்கப்போகும் திரையைக் காண்பதில்லை. தக்கலையில் ஒருவர் உள்ளங்கைக்குள் அடங்கும் செல்பேசியில் திறப்பார். மாவட்ட நூலகத்தில் மற்றொருவர் அகன்ற மேசைக் கணினியில் திறப்பார். வேறொருவர் அதே கணினியில் திரையின் பாதியளவே ஒரு சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மறுபாதியில் வேறொன்றைப் படிப்பார். இவர் எல்லார்க்கும் பொருந்துமாறு காணாத ஓலைக்கு எழுதவேண்டியவனாக இருக்கின்றான் பக்கம் ஆக்குவோன். அதனை எவ்வாறு செய்கின்றனர் என்பதே இப்பாடத்தின் பொருள்.

சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனீவா நகரத்தையடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில், 1991ஆம் ஆண்டு டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் உலகின் முதல் இணையதளத்தை அமைத்தார். அதன் பக்கங்களில் எழுத்தும் இணைப்புகளும் இருந்தனவேயன்றி, வரிக்கு இத்தனை அளவு என்னும் கட்டளை இல்லை. சாளரத்தை அகற்றினால் வரி நீளும். குறுக்கினால் வரி தானே மடிந்து கீழிறங்கும். அஃதாவது, இணையப்பக்கம் பிறக்கும்போதே எந்த அகலத்துக்கும் இணங்கும் இயல்போடு பிறந்தது. அவ்வியல்பைக் கெடுத்தவர் நாமே. அச்சுக்கூடப் பழக்கத்தோடு இணையத்துக்குள் புகுந்த வடிவமைப்பாளர் பலர், பக்கத்தைக் கட்டங்கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் மாறாத அளவு விதித்தனர். திரையின் அளவைப் படப்புள்ளிகளால் கணக்கிடுவர். அக்காலத்துக் கணினித் திரைகள் 640 புள்ளி அகலமுடையனவாக இருந்தன. பின்னர் 800 ஆயின. பின்னர் 1024 ஆயின. திரை பெருகுந்தோறும் பக்கத்தைப் புதிதாக ஆக்கினர். ‘இத்தளத்தை இன்ன அளவுள்ள திரையில் காண்க’ என்று முகப்பில் எழுதிவைத்தாரும் உண்டு. வீட்டுக்கு வந்த விருந்தினரை, “எம் கதவுக்கு ஏற்ற உயரத்தோடு வருக” என்று பணிப்பது எத்தகைய விருந்தோம்பல்!

2007ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனத்தின் ஐஃபோன் வெளிவந்தது. அதன் திரை 320 புள்ளி அகலமே உடையது. உலகிலிருந்த தளங்களோ அகன்ற கணினிக்கென ஆக்கப்பட்டவை. அவற்றை எவ்வாறேனும் காட்டியாக வேண்டும் என்று அதனைச் செய்தோர் ஒரு தந்திரம் புரிந்தனர். செல்பேசி, தன் அகலம் 980 புள்ளி என்று பக்கத்தினிடம் பொய் கூறும். பக்கம் அவ்வளவுக்கு விரிந்து நிற்கும். பின்னர்ச் செல்பேசி அதனைச் சுருக்கித் தன் சிறு திரைக்குள் அடக்கிவிடும். பக்கம் முழுதும் தெரியும், எழுத்துத்தான் தெரியாது. 360 புள்ளி அகலமுள்ள செல்பேசியில் 980 அகலப் பக்கத்தை அடக்கினால், 16 புள்ளி அளவுள்ள எழுத்து ஏறத்தாழ 6 புள்ளியாகச் சிறுத்துவிடும். தமிழில் ‘ண’கரமும் ‘ன’கரமும் சுழியால் வேறுபடுவன, புள்ளி ஒன்றால் உயிர்மெய் மெய்யாவது. அத்தனை சிறிய எழுத்தில் சுழியேது, புள்ளியேது? படிப்போர் விரல்களால் பக்கத்தை விரித்துப் பெரிதாக்குவர்; வரியின் முடிவைக் காண வலப்புறம் இழுப்பர்; அடுத்த வரியின் தொடக்கத்துக்கு மீண்டும் இடப்புறம் இழுப்பர். ஏர் உழுவதுபோல் இவ்வாறு போவதும் வருவதுமாகப் படித்தால், நான்கு வரிக்குமேல் பொருள் மனத்தில் நில்லாது.

இந்நிலையில் 2010ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள், ஈதன் மார்கோட் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் ‘ஏ லிஸ்ட் அபார்ட்’ என்ற இணைய இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். உள்ளே இருப்பவரின் வரவையும் அசைவையும் உணர்ந்து தம்மை மாற்றிக்கொள்ளும் கட்டடங்களைப் பற்றிக் கட்டடக் கலைஞர்கள் அக்காலத்தில் ஆராய்ந்துவந்தனர். அவ்வெண்ணத்தினின்று பெயரைக் கடன்பெற்று, தாம் கூறிய முறைக்கு ‘ரெஸ்பான்சிவ்’ வடிவமைப்பு என்று பெயரிட்டார் மார்கோட். தகவமை வடிவமைப்பு என்று நாம் அதனைக் கூறலாம். செல்பேசிக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று என வெவ்வேறு தளங்களைக் கட்டாமல், ஒரே பக்கம் எல்லாத் திரைக்கும் தன்னைத் தகவமைத்துக்கொள்ளுமாறு செய்தல் அதன் கருத்து. அதற்கு அவர் கூறிய கருவிகள் மூன்று. தனித்தனியே அவை முன்னரே இருந்தவை. மூன்றையும் ஒன்றாகப் பிணைத்தது அவர் செயல். 2011ஆம் ஆண்டு ‘பாஸ்டன் குளோப்’ என்னும் பெரிய நாளிதழ் இம்முறையில் தன் தளத்தை அமைத்துக்கொண்டபின், இஃது ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதை உலகம் உணர்ந்தது.

முதலாவது, அளவை எண்ணால் கூறாமல் விகிதத்தால் கூறுதல். ஒரு பள்ளியின் தளத்தில் 960 புள்ளி அகலத்துள் அறிவிப்புப் பகுதி 600 புள்ளியும், பக்கப் பகுதி 360 புள்ளியும் இருப்பதாகக் கொள்வோம். பகுதியின் அளவை முழுமையின் அளவால் வகுக்க வேண்டும். 600ஐ 960ஆல் வகுத்தால் நூற்றுக்கு 62.5 பங்கு, 360ஐ வகுத்தால் 37.5 பங்கு. இனிப் புள்ளிக் கணக்கை மறந்து, இவ்விகிதங்களையே கட்டளையாக எழுதிவிடுவர். சாளரம் 800 ஆனால் பகுதிகள் தாமாகவே 500, 300 என்று அமையும். வயலை அளந்து ‘இருவருக்கும் இத்தனை சென்ட்’ என்று எழுதாமல், ‘விளைவதில் இவருக்கு மூன்றில் இரண்டு, அவருக்கு மூன்றில் ஒன்று’ என்று எழுதும் பாட்டச்சீட்டைப் போன்றது இது. விளைவு கூடினும் குறையினும் சீட்டைத் திருத்த வேண்டுவதில்லை.

இரண்டாவது, படங்களைப் பற்றியது. படத்தின் அகலம் அதனைத் தாங்கும் கட்டத்தின் அகலத்தை மீறலாகாது என்று ஒரு வரியில் விதித்தல் கூடும். நம் குமரிமுனையில் 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறந்துவைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையின் படம் ஒன்று 1200 புள்ளி அகலத்தில் உளது என்று வைத்துக்கொள்வோம். இவ்விதி இல்லையேல், செல்பேசியில் படத்தின் இடப்புறத்துக் கடல்நீர் மட்டும் தெரியும். வள்ளுவரைக் காண வலப்புறம் இழுத்துச் செல்லவேண்டும். அகலத்தைக் குறுக்கும்போது உயரத்தையும் அதே விகிதத்தில் குறைக்குமாறு பணித்தலும் வேண்டும். அதனை மறந்தவர் பலர். உயரம் அப்படியே நிற்க அகலம் மட்டும் குறுகினால், வள்ளுவர் நோயுற்றார்போல் மெலிந்து நீண்டுவிடுவார். 38 அடிப் பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரங்களையும், 95 அடிச் சிலை பொருட்பால், இன்பப்பால் இரண்டின் 95 அதிகாரங்களையும் குறிக்க, மொத்தம் 133 அடி என்று அளந்து செதுக்குவித்தார் கணபதி ஸ்தபதி. அவர் காத்த அளவை ஒரு வரிக் கவனக்குறைவால் நாம் சிதைக்கலாமா?

மூன்றாவது கருவிதான் இம்முறையின் உயிர். மேற்கூறிய பள்ளிப் பக்கத்தை 360 புள்ளி அகலமுள்ள செல்பேசியில் திறந்தால் என்னாகும்? விகிதப்படி அறிவிப்புக்கு 225 புள்ளியும், பக்கப் பகுதிக்கு 135 புள்ளியும் கிடைக்கும். 135 புள்ளிக்குள் ‘தலைமையாசிரியர்’ என்னும் சொல் தானும் அடங்குவது அரிது. ஆகவே விகிதம் மட்டும் போதாது; ஓரளவுக்குக் கீழே சென்றால் அமைப்பே மாறவேண்டும். “அகலம் 600 புள்ளிக்குக் குறைவாயின், பக்கத்தில் நின்ற பகுதி கீழே இறங்குக, இரண்டும் முழு அகலமும் பெறுக” என்று நிபந்தனையோடு கட்டளை எழுதுவர். இத்தகைய கட்டளைகளை எழுதும் மொழி சி.எஸ்.எஸ். எனப்படும். 1994இல் ஹோகோன் வியூம் லீ என்பார் முன்மொழிய, 1996இல் அது தரமாயிற்று. எழுத்தை ஓரிடத்திலும் அதன் தோற்றத்துக்கான விதிகளை வேறோரிடத்திலும் வைப்பது அதன் பயன். நிபந்தனை விதிகள் 2012ஆம் ஆண்டு உலகளாவிய வலைத் தொகுப்பமைப்பின் பரிந்துரையாயின.

மாணவர்களே, இவ்வகை விதி உங்களுக்குப் புதிதன்று. புணர்ச்சி இலக்கணம் முழுவதும் இத்தகைய விதிகளால் ஆயதே. இன்ன எழுத்தில் முடியும் நிலைமொழியின்முன் இன்ன எழுத்தில் தொடங்கும் வருமொழி வந்தால் இவ்வாறு ஆகும் என்று இலக்கணம் கூறும். எந்தச் சொல்லோடு எந்தச் சொல் வந்து சேரும் என்பதை இலக்கண ஆசிரியர் கண்டாரல்லர். அவர் காலத்தில் பிறவாத சொற்களுக்கும் அவர் விதி பொருந்துகின்றது. நன்னூலார் விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படுத்துவர். வாழை என்பதன்முன் பழம் வர, வாழைப்பழம் என ஒற்றுத் தோன்றும். கல் என்பதன்முன் சிலை வர, கற்சிலை எனத் திரியும். மரம் என்பதன்முன் வேர் வர, மரவேர் என மகரம் கெடும். இணையப்பக்கத்திலும் நிகழ்வன இம்மூன்றே. அகன்ற திரையில் இல்லாத பட்டிப் பொத்தான் ஒன்று குறுகிய திரையில் தோன்றும். கிடையாக நின்ற வரிசை செங்குத்தாகத் திரியும். அழகுக்காக வைத்த ஓரப் படம் கெடும். மாற்றம் எதுவும் வேண்டாத இடத்தில் பக்கம் இயல்பாகவே நிற்கும்; அதனை இயல்பு புணர்ச்சி எனலாம். புணர்ச்சி விதி கற்ற மாணவனுக்கு இவ்விதிகளை எழுதுதல் கடினமாகாது என்பது என் துணிபு. கணினி கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனை ஏன் எடுத்துக்காட்டுவதில்லை என்று நான் வியப்பதுண்டு.

இம்மூன்றோடு, செல்பேசி பொய் கூறாதிருக்கவும் ஒரு வரி எழுதவேண்டும். “நின் உண்மையான அகலத்தையே அகலமாகக் கொள்க” என்பது அதன் பொருள். ‘வியூபோர்ட்’ வரி என்று அதனைக் கூறுவர். இதனை எழுதாது விட்டால், மற்ற விதிகள் எத்துணைச் சிறப்பாக இருப்பினும் செல்பேசி தன் அகலத்தை 980 என்றே கூறிக்கொண்டிருக்கும். குறுகிய திரைக்கான விதி ஒன்றும் விழித்தெழாது.

ஓர் ஆய்வை நீங்களே செய்து பார்க்கலாம். பள்ளிக் கணினியில் யாதேனும் ஒரு தளத்தைத் திறந்து, சாளரத்தின் வலது ஓரத்தைச் சுட்டியால் பற்றி மெல்ல இடப்புறம் நகர்த்துங்கள். வரிகள் மடிவதையும், ஓரிடத்தில் பக்கப் பகுதி சட்டென்று கீழிறங்குவதையும் காண்பீர்கள். அந்த இடமே நிபந்தனை விதி விழித்த இடம். சில தளங்களில் ஒன்றும் நிகழாது. எழுத்து சாளரத்துக்கு வெளியே மறைந்துபோகும். கீழே கிடையாக ஓர் உருள்பட்டை தோன்றும். அத்தளத்தை ஆக்கியவர் ஒரே ஓலையை மட்டும் மனத்தில் கொண்டவர் என்று அறியலாம்.

கீழிறங்கும் பகுதி எந்த வரிசையில் இறங்குகின்றது என்பதையும் உற்று நோக்குங்கள். அகன்ற திரையில் மூன்று பகுதிகள் அருகருகே நிற்கும்போது எது முதல், எது கடை என்று எவரும் எண்ணுவதில்லை. கண் ஒரு நொடியில் மூன்றையும் பார்த்துவிடும். ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்போதோ, முதலில் நிற்பது முந்துகின்றது. கடையில் நிற்பது பலர் கண்ணில் படாமலே போகின்றது. இடப்புறத்தில் இருபது தலைப்புகளையுடைய பட்டியும், நடுவில் ‘நாளை தேர்வு இல்லை’ என்னும் அறிவிப்பும் இருந்த பக்கம் செல்பேசிக்கு இறங்கினால், இருபது தலைப்புகளையும் கடந்தே மாணவன் அறிவிப்பைக் காணவேண்டும். ஆகையால் எது இன்றியமையாதது என்பதை முதலில் முடிவுசெய்து, சிறிய திரைக்கே முதலில் பக்கத்தை வகுத்து, பின்னர் அகன்ற திரைக்கு விரித்துச் செல்க என்று லூக் ருப்லெவ்ஸ்கி என்பார் 2009ஆம் ஆண்டு கூறினார். கட்டுரை எழுதும்போது எதனை முன்வைப்பது என்று நீங்கள் ஆராய்வதும் இதுவும் ஒரு செயலே.

இவையெல்லாம் அழகு பற்றிய செய்திகள் என்று எண்ணற்க. குளச்சல், தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய நம் கடற்கரை ஊர்களை நினைத்துப் பாருங்கள். 2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் இம்மாவட்டத்தைத் தாக்கிற்று. கடல்மேற் சென்றிருந்த மீனவர் பலர் மீளவில்லை. ஆழ்கடலில் இருந்தவர்க்குச் செல்பேசியின் அலை எட்டாது. அவர்க்குச் செய்தி சேர்க்கும் வழி வேறு. ஆயின் கரையில் நின்று, “இன்று போகலாமா?” என்று ஆராயும் ஒருவர் கையில் இருப்பது செல்பேசியே. கடல்நிலை அறிவிப்பு ஒன்று ஆறு நிரல்களையுடைய அட்டவணையாக அமைந்திருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம்: நாள், கடற்பகுதி, காற்றின் திசை, காற்றின் விரைவு, அலையின் உயரம், அறிவுரை. குறுகிய திரையில் முதல் மூன்று நிரல்களே தெரியும். “கடலுக்குச் செல்ல வேண்டா” என்பது ஆறாம் நிரலில், திரைக்கு வெளியே இருக்கும். அறிவிப்பு வெளியிடப்பட்டது என்று அலுவலகம் கூறும், அது மெய்யே. படித்தேன், அப்படி ஒன்றும் காணவில்லை என்று அவர் கூறுவார், அதுவும் மெய்யே. குறுகிய திரை வந்துழி அட்டவணையின் ஒவ்வொரு கிடைவரியும் தனித்தனிச் சிறு பட்டியலாகத் திரியவும், அறிவுரை அதன் தலையில் நிற்கவும் விதி எழுதியிருப்பின் இத்துன்பம் இல்லை. பத்துப் பன்னிரண்டு வரிகளில் முடியும் வேலை அது.

இடம் போதவில்லை என்று செல்பேசியில் செய்தியையே குறைத்துவிடும் வடிவமைப்பாளரும் உளர். ‘முழு விவரம் கணினியில் காண்க’ என்று எழுதிவிடுவர். கணினி இல்லாத வீட்டில் அவ்வரியைப் படிப்பவர் என் செய்வார்? கெடுதல் விகாரம் ஒற்றுக்கும் மகரத்துக்கும் நிகழ்வது. பொருள் கெடுமாறு எந்த இலக்கணமும் விதிப்பதில்லை.

தமிழுக்கே உரிய சில இடர்கள் உள. முதலாவது, எழுத்தைப் படமாக்கி வைத்தல். 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் தமிழ் இணையத்தில் ஏறிற்று. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் தலைமையில் மதுரைத் திட்டம் தொடங்கி, பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி எவரும் பெறுமாறு வழங்கலாயிற்று. ஆயினும் அந்நாளில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு மாறுபட்டமையால், ஒருவர் எழுதியது மற்றொருவர் திரையில் புரியாத கோலங்களாகத் தோன்றிற்று. அதற்கஞ்சியே பலர் எழுத்தை அச்சிட்டுப் படமாகப் பிடித்து வைத்தனர். பின்னர் யூனிகோடு பரவிற்று. 2010ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசும் அதனைத் தன் தரங்களுள் ஒன்றாக ஏற்றது. இடர் நீங்கிய பின்னும் பழக்கம் நீங்கவில்லை. இன்றும் அறிவிப்புத் தாளைப் படமெடுத்து அப்படியே தளத்தில் ஒட்டுவாரைக் காண்கின்றோம். படத்துக்குள் அடைபட்ட வரி மடியாது. திரை குறுகக் குறுக எழுத்தும் குறுகும். பார்வையற்றோர்க்கு உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அது வெறும் படமே. மதுரைத் திட்டத்தார் நூல்களை இணையப்பக்கமாகவும் பி.டி.எஃப். கோப்பாகவும் இருவகையாக வழங்கியதன் அருமை இங்கே விளங்கும். முன்னது திரைக்கேற்ப மடிவது. பின்னது தாளைப்போல் நிலைத்த உருவினது, அச்சிட்டுக்கொள்வார்க்கு உதவுவது.

இரண்டாவது, நம் சொற்களின் நீளம். ‘வந்துகொண்டிருக்கின்றவர்களுக்கெல்லாம்’ என்று பல உறுப்புகளைச் சேர்த்து ஒரே சொல்லாக எழுதுவது நம் மொழியின் இயல்பு. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையேயுள்ள வெளியில்தான் உலாவி வரியை மடிக்கும். வெளியில்லாத நெடுஞ்சொல் குறுகிய திரையின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் முறிக்க இசைவு தரவேண்டும். ஆனால் எங்கே முறிப்பது? அச்சுக்கோப்போர் இதனை நன்கு அறிந்திருந்தனர். உயிர்மெய்யை அதன் குறியினின்று பிரிக்கலாகாது. ‘கொ’ என்பதில் கொம்பு ஒரு வரியிலும் கால் மறு வரியிலும் நிற்றல் கூடாது. புள்ளி பெற்ற மெய்யைக் கொண்டு வரியைத் தொடங்கலாகாது. அது முன்னெழுத்தோடு சேர்ந்தே நிற்றல் வேண்டும். மெய் மொழிமுதல் வாராது என்னும் மரபை அறிந்த கண்ணுக்கு, ‘க்’ என்று தொடங்கும் வரி உறுத்தும். இவ்வறிவை விதியாக்கிக் கணினிக்குத் தருதல் தமிழ் கற்றவர் செய்யவேண்டிய பணி. கணினி கற்றவரை மட்டும் நம்பி விடத்தக்கதன்று.

மூன்றாவது, எழுத்தின் பருமன். என்னைப்போன்ற முதியோர் செல்பேசியின் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டே படிக்கின்றோம். பக்கத்தின் அளவுகளைப் புள்ளியால் கூறாமல், படிப்போர் அமைத்துக்கொண்ட எழுத்தின் பருமனையே அளவுகோலாகக் கொண்டு கூறுதல் கூடும். அவ்வாறு கூறிய பக்கம் எழுத்துப் பெருகும்போது தானும் இடம் தரும். சில தளங்களிலோ, பக்கத்தை விரலால் பெரிதாக்குவதையே தடைசெய்து வைத்திருக்கின்றனர். ஓய்வூதியம் பற்றிய ஒரு பக்கத்தில் இத்தடையைக் கண்டு நான் நகைத்தேன். முதியோர்க்கென்றே எழுதிய பக்கத்தில் முதியோர் கண்ணுக்குப் பூட்டு!

இனிச் செய்யுளுக்கு வருவோம். இங்கே தகவமைதல் என்பது வெறும் மடித்தல் அன்று என்பது நன்கு விளங்கும். உரைநடை எங்கே மடிந்தாலும் பொருள் கெடாது. குறட்பா முதலடியில் நாற்சீரும் இரண்டாமடியில் முச்சீரும் உடையது. மூன்று சீருக்கே இடமுள்ள திரையில் அதனை உலாவி தன் போக்கில் மடித்தால், மூன்று, ஒன்று, மூன்று என மூன்று வரியாகிவிடும். நான்கடி வெண்பா இவ்வாறே ஏழு வரியாகும். யாப்பறிந்தவன் எவ்வாறேனும் அடியைக் கண்டுபிடித்துவிடுவான். ஏட்டுச் சுவடியைப் படித்தவன் அவன் பாட்டன். புதிதாகக் கற்கும் மாணவனோ, தனியே நிற்கும் நாலாம் சீரை ஓர் அடியென்று மயங்குவான். எதுகையை அடியின் முதலில் தேடாமல் வரியின் முதலில் தேடி ஏமாறுவான். மதுரைத் திட்டம் முதலிய தொகுப்புகளிலிருந்து பாடல்களை எடுத்துத் தம் தளங்களில் இடுவோர் பலரும் இதனைக் கருதுவதில்லை.

இதற்கு வழி இல்லாமலில்லை. அடி ஒவ்வொன்றையும் தனி உறுப்பாகக் குறித்துவிடவேண்டும். அடியின் தொடக்கம் ஓரத்தோடு ஒட்டி நிற்க, மடிந்து இறங்கும் சீர் இரண்டு எழுத்து இடம் உள்ளே தள்ளி நிற்குமாறு விதிக்கவேண்டும். உள்ளே தள்ளி நிற்பது முன்னடியின் எஞ்சிய பகுதி என்பதைக் கண் உடனே உணரும். செய்யுளுக்கு மட்டும் எழுத்தின் பருமனைத் திரைக்கேற்பச் சிறிது குறைத்தலும் ஆம். ஆனால் சுழியும் புள்ளியும் தெளியாத அளவுக்குக் குறைத்தல் ஆகாது. செல்பேசியைக் கிடையாகத் திருப்பினால் அகலம் ஏறத்தாழ இருமடங்காகும். அப்போது உள்ளே தள்ளிய சீர் தானாகவே மேலேறித் தன் அடியோடு சேர்ந்துகொள்ளும். ‘நாலடியார்’ என்னும் பெயருடைய நூலைத் திறக்கும் மாணவன், எந்தத் திரையிலாயினும், ஓரத்தில் ஒட்டிநிற்கும் தொடக்கங்களை எண்ணினால் நான்கு என்றே காண்பான்.